மூளையை அறிவோம், மனிதரைப் புரிந்துகொள்வோம்



விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி தம் கணவரை எங்களிடம் அழைத்து வந்தார்கள். அவர் கொத்தனார். எட்டு மாதங்களுக்கு முன் வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி ஒன்று உரசியதில் தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் இருந்தது, ஆனால் அது தலையில் இல்லை, வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்து, பிழைத்துக்கொண்டார். கால் எலும்பு கூடிவிட்டது. தலையில் தையல் போட்ட இடமும் ஆறிவிட்டது.

அதன் பிறகுதான் அந்த வீட்டில் துயரம் தொடங்கியது. அதிர்ந்து பேசாத மனிதர் எதற்கெடுத்தாலும் கத்தினார். பெற்ற தாயைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். சாவு வீட்டில் எல்லார் முன்னும் சிரித்தார். கைக்கு வந்த பணத்தை அன்றைக்கே செலவழித்தார். வேலைக்குப் போனால் பாதிச் சுவரில் எழுந்து வந்துவிடுவார். ஊரில் ஒருவர் பேய் என்றார், ஒருவர் செய்வினை என்றார், பெரும்பாலோர் திமிர் என்றார்கள். அந்தச் சகோதரியின் அண்ணன்மார், "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடு" என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் எங்கள் நர்சிடம் சொன்னது இதுதான்: "சிஸ்டர், எலும்பெல்லாம் கூடிடுச்சி. ஆனா எங்க ஊட்டுக்காரரு இன்னும் ஊடு வந்து சேரலிங்க."

இந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? அதற்கு மூளையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சபையிலும், தெருவிலும், ஏன் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ஆகவே இந்த இதழின் பாடமாக மூளையையும், நம் நடத்தைக்கு அது எப்படி அடிப்படையாக இருக்கிறது என்பதையும் எடுத்துக்கொண்டோம்.

1. மூளை இருக்கும் இடம்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடை உள்ளது. பிடித்துப் பார்த்தால் கெட்டித் தயிரைப் போல் மெதுவானது. ஒரு தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு போல மண்டை ஓடு. அதற்குள் மூன்று மெல்லிய உறைகள். உறைகளுக்கு நடுவே தெளிந்த நீர். இந்த நீரின் அளவு சுமார் 150 மில்லி லிட்டர், அதாவது ஒரு சின்ன டம்ளர். மூளை இந்த நீரில் மிதப்பதால், தன் பாரத்தால் தானே நசுங்காமல் இருக்கிறது.

ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் உள்ளே இருப்பவர் முன்னால் போய் முட்டிக்கொள்வார் அல்லவா? தலை தரையில் மோதும்போது உள்ளே மூளைக்கும் அதுவே நேரிடுகிறது. மண்டை ஓட்டின் அடித்தளம் முன்பக்கத்தில் வழவழப்பாக இல்லை. மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அதனால் தலையின் எந்தப் பக்கம் அடிபட்டாலும், மூளையின் முன்பகுதியும் காதோரப் பகுதியும் அங்கே உரசிக் காயப்படுவது அதிகம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமலும் இது நடக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உறைகளுக்கு இடையில் உள்ள இரத்தக்குழாய் கிழிந்தால், இரத்தம் மெதுவாகத் தேங்கி மூளையை அழுத்தும். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். சில மணி நேரம் கழித்து மயங்கிவிடுவார். ஆகவே தலையில் பலமாக அடிபட்டவரை ஒரு நாளாவது தனியே விடாதீர்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பியும் தெளியாத தூக்கம், பேச்சில் குழறல், வலிப்பு, ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைத் தமிழக அரசு ஏற்கும் திட்டம், 2021 டிசம்பரில் நம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பணம் இல்லையே என்று யாரும் தாமதிக்க வேண்டியதில்லை.

2. மூளையின் பகுதிகளும் அவற்றின் வேலையும்

கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

மூளைத்தண்டு: முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் மேலே வந்து மூளையோடு சேரும் இடம் இது. இதன் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். மூச்சு, இருதயத் துடிப்பு, விழுங்குதல், விழிப்பு ஆகியவை இதன் பொறுப்பு. நாம் தூங்கினாலும் இது தூங்குவதில்லை.

சிறுமூளை: பின்னந்தலையின் அடியில் இருக்கிறது. நிதானமும் அசைவின் ஒழுங்கும் இதன் வேலை. தலையில் குடம் வைத்து வரப்பில் நடக்கும் பெண்ணுக்கு இது உதவுகிறது. குடித்தவர் தள்ளாடுவது, மது இந்தச் சிறுமூளையைத் தாக்குவதால்தான்.

பெருமூளை: மேலே மடிப்பு மடிப்பாகத் தெரியும் பெரிய பகுதி. இது வலது, இடது என்று இரண்டு பாதிகளாக இருக்கிறது. வலது பாதி உடம்பின் இடது பக்கத்தையும், இடது பாதி வலது பக்கத்தையும் ஆளுகின்றன. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது பாதியில் இருக்கிறது. இதை 1861-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் பால் புரோக்கா எடுத்துக்காட்டினார். பேச்சிழந்த ஒருவர் இறந்த பின்பு அவருடைய மூளையைப் பார்த்தபோது, இடது முன்பகுதியில் ஒரே இடம் பழுதாகியிருந்தது. வலது கை கால் விழுந்துபோனவருக்குப் பேச்சும் போய்விடுவதை நாம் பார்க்கிறோமே, காரணம் இதுதான். அவருக்குப் புத்தி போய்விட்டது என்று எண்ணி, அவர் எதிரிலேயே சொத்தைப் பற்றியும் சாவைப் பற்றியும் பேசிவிடாதீர்கள். நாவில் சொல் வராவிட்டாலும் நாம் பேசுவது அவருக்கு விளங்கலாம். வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். புறா இரத்தம் தடவுவதில் அந்த நேரத்தைப் போக்கிவிடக் கூடாது.

பெருமூளையின் ஒவ்வொரு பாதியையும் நான்கு மடல்களாகப் பிரிக்கிறார்கள். பின்மடல் பார்வைக்கு உரியது. கண் காட்சியை அனுப்புகிறது. அது இன்னது என்று அறிவது இங்கேதான் தொடங்குகிறது. உச்சி மடல் தொடுதலையும், சூடு குளிரையும், கை கால் எங்கே இருக்கிறது என்பதையும் அறிகிறது. காதோர மடல் கேட்பதற்கும், மொழியைப் புரிந்துகொள்வதற்கும், நினைவுக்கும் உரியது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் மிகப் பெரியது. அசைவுகளுக்கு ஆணையிடுவது, திட்டமிடுவது, பொறுத்துக்கொள்வது, "இதை இங்கே சொல்லக் கூடாது" என்று நாவை அடக்குவது, பிறர் மனம் நோகும் என்று உணர்வது — எல்லாம் இந்த மடலைச் சார்ந்தவை. மனிதரில் கடைசியாக முதிர்வதும் இதுதான். இருபது வயதைத் தாண்டிய பிறகும் இது முதிர்ந்துகொண்டிருக்கிறது. பதினாறு வயதுப் பையன் விளைவை எண்ணாமல் வண்டியை முறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழத்தில் உள்ள சில சிறு பகுதிகள்: ஹைப்போதலாமஸ் என்பது ஒரு பாதாம் கொட்டை அளவுதான், பசி, தாகம், உடல் சூடு ஆகியவற்றை அது ஒழுங்குபடுத்துகிறது. அமிக்டலா பயத்துக்கும் கோபத்துக்கும் நெருங்கிய இடம். இருட்டில் கயிற்றைக் கண்டு துள்ளி விலகுகிறோமே, அது பாம்பா கயிறா என்று யோசித்து முடிக்கும் முன்பே அமிக்டலா எச்சரித்துவிடுகிறது. ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகளைப் பதியவைக்கிறது. 1953-இல் அமெரிக்காவில் வலிப்புக்காக ஒரு வாலிபருக்கு இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அவர் 2008-இல் இறக்கும்வரை, சற்று முன் பார்த்த மருத்துவரையும் புதியவராகவே வரவேற்றார். பழைய நினைவுகள் பெரும்பாலும் இருந்தன, புதியவை தங்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் ஐம்பது வருடத்துக் கதையைச் சொல்லிவிட்டு, காலையில் சாப்பிட்டதை மறந்து "எனக்குச் சோறு போடவில்லை" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதுண்டு. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று இந்த ஹிப்போகாம்பஸ். மருமகளின் மேல் பொய் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணமல்ல.

3. மூளைக்குள் செய்தி போகும் விதம்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு செல்லுக்குள் செய்தி மெல்லிய மின்சாரமாக ஓடுகிறது. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே செய்தி இரசாயனப் பொருளாக மாறிக் கடக்கிறது. டோபமைன், செரோட்டோனின் என்பவை அத்தகைய பொருட்கள். டோபமைன் சுரக்கும் ஒரு சிறு பகுதி அழிந்தால் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், நடை குறுகும், முகம் உணர்ச்சியற்றுத் தெரியும். ஆள் கோபமாக இருப்பதாக உறவினர் நினைத்துக்கொள்வார்கள். மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் இந்த இரசாயனங்களின் வழியாகவே வேலை செய்கின்றன.

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சில நிமிடங்கள் இரத்தமும் பிராணவாயுவும் போகாவிட்டால் செல்கள் சாகத் தொடங்கும். சர்க்கரை மருந்து போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தவர் திடீரென எரிந்து விழுவதும், உளறுவதும், வேர்த்து மயங்குவதும் மூளைக்குச் சர்க்கரை கிடைக்காததன் அடையாளம். சுயநினைவு இருந்தால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். சுபாவம் என்று நாம் நினைப்பது எவ்வளவு தூரம் சரீரத்தைச் சார்ந்தது என்பதற்கு இதுவே எளிய உதாரணம்.

4. திண்டிவனத்திலிருந்து வேலூருக்கு

மூளையின் மருத்துவம் நம் நாட்டில் வளர்ந்த கதையில் திண்டிவனத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1890-களின் தொடக்கத்தில் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் ஊழியம் செய்துவந்தார். தாயாரின் நோய் காரணமாக அவருடைய மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து அங்கே வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். ஆண் மருத்துவர் வருவதற்கு அவர்களுடைய வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது. 1900-ஆம் ஆண்டில் அவர் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கிய பணி, பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

அந்தக் கல்லூரியில்தான் 1949-ஆம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். கோட்டயத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பஹ்ரைன் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்தவர் அவர். பிறகு கனடாவில் மாண்ட்ரியல் நகரில் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். பென்ஃபீல்டின் முறை கேட்பவர்களை இன்றும் வியக்க வைக்கும். மூளைக்குத் தன்னில் வலி தெரியாது. ஆகவே தலையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் மேல் மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார். ஓரிடத்தைத் தொட்டால் விரல் அசையும். இன்னோரிடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கும். எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது அப்படித் தெரியவந்தது. டாக்டர் சாண்டி அந்தக் கல்வியோடு திரும்பி வந்து, 1952-இல் வேலூரில் வலிப்புக்கான மூளை அறுவையைச் செய்தார். இந்தியாவில் அதுவே முதலாவது. அதற்கு முன்பு நம் பக்கத்து விவசாயிக்கு மூளையில் கட்டி என்றால், அதற்கென்று ஒரு துறையே நாட்டில் கிடையாது.

5. வலிப்பு

நரம்புச் செல்களின் மின்சாரம் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் பாய்வதே வலிப்பு. மூளை முழுவதும் பாய்ந்தால் விழுந்து வெட்டி இழுக்கும். காதோர மடலில் மட்டும் பாய்ந்தால் வேறு விதமாக இருக்கும். ஆள் விழமாட்டார். சற்று நேரம் வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவார், சட்டைப் பொத்தானைத் திருகுவார், இல்லாத வாடையை முகர்வார், காரணமில்லாமல் பயப்படுவார். பிறகு ஒன்றும் நினைவிராது. இப்படிப்பட்டவர்களைத்தான் பெரும்பாலும் பேய் பிடித்ததாகச் சொல்லி அடித்தும் சூடு வைத்தும் துன்பப்படுத்துகிறார்கள். சுவிசேஷத்தில் வலிப்புக் கண்ட பையனுடைய தகப்பனை நம் வாசகர்கள் அறிவார்கள். அவர் பிள்ளையை வீட்டில் ஒளித்துவைக்கவில்லை. ஜனக்கூட்டத்தின் நடுவே உதவி தேடிக் கொண்டுவந்தார். நாமும் ஜெபிக்கும்போதே மருத்துவரிடமும் கொண்டுபோகலாம். ஒன்று மற்றதற்கு விரோதமல்ல.

நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் நாடாப்புழுவின் முட்டை. மலம் கலந்த தண்ணீராலும், கழுவாத கையாலும், பச்சைக் காய்கறியாலும் அது வயிற்றுக்குள் போகிறது. அதிலிருந்து வரும் புழு மூளையில் சிறு நீர்க்கட்டியாகத் தங்குகிறது. பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் இது வரலாம். ஒரு காலத்தில் ஸ்கேனில் தெரிந்த இத்தகைய சிறு புள்ளிகளைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இறந்துகொண்டிருக்கும் புழுக்கட்டிகள் என்றும், பல தாமாகவே மறைந்துவிடும் என்றும் 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் காட்டியவர்கள் வேலூர் மருத்துவர்களே.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழ முடியும். ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அருகில் உள்ள கல், அடுப்பு முதலியவற்றை அகற்றுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். வலிப்புக் கண்ட பெண்ணைத் தள்ளிவைக்க ஒரு காலத்தில் சட்டமே இடங்கொடுத்தது. 1999-ஆம் ஆண்டில் இந்து திருமணச் சட்டத்திலிருந்து அந்தப் பகுதி நீக்கப்பட்டது. சட்டம் மாறியது போல நம் வீடுகளும் மாற வேண்டும்.

6. குடியும் மூளையும்

மூளையில் நல்ல சாப்பாடு, பாராட்டு, பிள்ளையின் சிரிப்பு ஆகியவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் தரும் ஒரு பாதை இருக்கிறது. டோபமைன் அங்கே முக்கியமானது. மது அந்தப் பாதையைக் குறுக்கு வழியாகத் தூண்டுகிறது. நாளடைவில் மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு மகிழ்ச்சி தந்த எதுவும் ருசிக்காது. குடிக்காவிட்டால் நடுக்கமும் பயமும் வரும். வேண்டாம் என்று தடுக்க வேண்டிய முன்மடலும் தளர்ந்துபோகிறது. அதனால்தான் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் மாலையில் மீண்டும் கடைக்குப் போகிறார். சத்தியம் பொய்யல்ல, அதைக் காக்க வேண்டிய உறுப்பு நோய்ப்பட்டிருக்கிறது. பல ஆண்டு குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவ உதவியோடு நிறுத்துவதே நல்லது.

2023 மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். அதை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் செல்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாதபடி செய்கிறது. கண் நரம்பையும் மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியையும் அது குறிவைத்துத் தாக்குகிறது. பிழைத்தவர்களிலும் சிலர் பார்வை இழக்கிறார்கள், சிலர் நடுங்கும் கையோடு வாழ்கிறார்கள். குடித்த சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, மூச்சிரைப்பு, கண் மங்கல் வந்தால் போலீசுக்குப் பயந்து வீட்டில் படுக்க வைக்காதீர்கள். மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு, நேரம்தான் முக்கியம்.

7. முன்மடலில் அடிபட்டவர்

இப்போது நம் கொத்தனாரிடம் திரும்புவோம். 1848-இல் அமெரிக்காவில் ரயில் பாதை போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்த பினியாஸ் கேஜ் என்பவருக்கு ஒரு விபத்து நேர்ந்தது. வெடிமருந்து வெடித்து, ஒரு மீட்டருக்கும் அதிக நீளமான இரும்புக் கம்பி அவர் கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போயிற்று. முன்மடல் சிதைந்தது. அவர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால் முன்பு பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர், அதன்பின் நிலையற்றவராகவும் மரியாதை இல்லாமல் பேசுகிறவராகவும் மாறிவிட்டதாக அவருடைய மருத்துவர் எழுதினார். வேலைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படவில்லை. சுபாவத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர்களில் அவர் ஒருவர். கதையின் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து கேஜ் சிலி நாட்டுக்குப் போய், குதிரை வண்டி ஓட்டும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். தினமும் ஒரே ஒழுங்கு, ஒரே பாதை இருந்ததே அவருக்கு உதவியிருக்கலாம் என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நம் கொத்தனாரின் ஸ்கேனிலும் இரண்டு முன்மடல்களின் அடிப்பகுதியில் வடு தெரிந்தது. எங்கள் மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவருடைய மனைவிக்கும் தாயாருக்கும் காட்டினார். "அம்மா, கால் உடைந்தவரை ஓடச் சொல்வோமா? இவருக்கு அடக்கிக்கொள்ளும் இடம் உடைந்திருக்கிறது" என்று சொன்னார். அந்தத் தாயார் வெகுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, மகனின் தலையைத் தடவினார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் அவரைத் தொட்டது அதுவே முதல் தடவை என்று மருமகள் பிற்பாடு சொன்னார்கள்.

8. அப்படியானால் மனிதருக்குப் பொறுப்பு இல்லையா?

வாசகர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயம். எல்லாம் மூளைதான் என்றால் நல்லது கெட்டது எங்கே? மூளை நம் நடத்தைக்கு அடிப்படை. ஆனால் அது வார்த்து வைத்த கான்கிரீட் அல்ல. பழக்கம், பயிற்சி, அன்பு, தூக்கம், உணவு, நட்பு ஆகிய எல்லாம் நரம்புச் செல்களின் இணைப்புகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பக்கவாதம் வந்தவர் தினமும் பயிற்சி செய்து கையை மீட்பது அதனால்தான். ஆகவே நல்ல மூளை உள்ள நாம் நம் கோபத்துக்கு நரம்பைக் குறை சொல்லித் தப்ப முடியாது. அதே சமயம், அடிபட்ட மூளையோடு போராடுகிற ஒருவரை நம் அளவுகோலால் அளக்கவும் கூடாது.

குடும்பத்தின் பங்கு பெரியது. 1957-இல் வேலூர் பாகாயத்தில் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் முன்னின்று தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவரும் தங்கிக் கவனிக்கும் முறை வளர்ந்தது. வீட்டாரும் நோயைப் புரிந்துகொண்டு திரும்பினார்கள். இதற்கு நேர்மாறானதையும் நாம் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எவரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது. உதவி தேவைப்படுகிறவர்கள் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கொத்தனாரின் வீட்டாருக்கு நாங்கள் சொன்னவை எளியவை. மாத்திரையைத் தவறவிடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுதல், சாப்பாடு, வேலை, தூக்கம் இருக்கட்டும். கூட்டமும் சத்தமும் உள்ள இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். கூலி மனைவியின் கையில் வரட்டும். கத்தும்போது எதிர்த்துக் கத்தாமல் சற்று விலகிப்போய், அடங்கிய பிறகு பேசுங்கள். கை ஓங்கினால் பிள்ளைகளோடு உடனே வெளியே வந்துவிடுங்கள். அடி வாங்கிப் பொறுப்பது மருத்துவமல்ல. மது கூடவே கூடாது. சாரத்தின் மேல் ஏறக் கூடாது.

ஒரு வருடம் ஆகிறது. அவர் முழுவதும் பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டோம். இன்னும் கத்துகிறார்; முன்னளவு இல்லை. உறவுக்கார மேஸ்திரி ஒருவர், தரையில் நின்று செய்யும் சில்லறை வேலைக்கு அவரை அரை நாள் அழைத்துப் போகிறார். அந்தச் சகோதரி அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. சென்ற முறை மாத்திரை வாங்க வந்தபோது நர்சிடம், "முழுசா வரலிங்க சிஸ்டர், ஆனா வாசல் வரைக்கும் வந்துட்டாரு" என்றார்கள்.

பங்காளர்களே, நீங்கள் செய்யும் உதவி மாத்திரையாகவும் ஸ்கேனாகவும் மட்டும் போவதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து வீட்டாருக்கு விளக்கிச் சொல்வதற்கும் அதுவே இடம் உண்டாக்குகிறது. அந்த விளக்கத்தை இந்தப் பாடத்தின் மூலம் உங்களிடமும் ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில் ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்றோ பேய் பிடித்தவர் என்றோ பேசும்போது, "அவருக்குத் தலையில் எப்போதாவது அடிபட்டதா? வலிப்பு உண்டா? மருத்துவரிடம் காட்டினார்களா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

சபைக் கூட்டங்களில் பேசிப்பார்க்க:

1. தலையில் அடிபட்டவரிடம் எந்த அடையாளங்களைக் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

2. பேச்சிழந்த பக்கவாத நோயாளியின் எதிரில் நாம் எப்படிப் பேச வேண்டும்? ஏன்?

3. வலிப்பு வந்தவருக்கு நம் ஊரில் செய்யும் எந்த வழக்கங்களை விட்டுவிட வேண்டும்?

4. சுபாவம் மாறிப்போன ஒருவரின் மனைவிக்கோ தாயாருக்கோ இந்த வாரம் நாம் செய்யக்கூடிய ஓர் உதவி என்ன?